மூன்றாம் ஆளை வழக்கில் இழுப்பது எப்படி? கழக்கூட்டவாசிகளுக்கு ஒரு கையேடு

இரண்டே பேர் நடத்தும் சிவில் வழக்கைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர், நடுவில் ஒரு மதில். வஞ்சியூர் கோர்ட் வராந்தாவில் கேஸ் கட்டின் தடிமனைப் பார்த்துத்தான் ஆளுக்கு மரியாதை. ஏழாம் பிரதிவாதி, எட்டாம் பிரதிவாதி என்று போனால் குமாஸ்தாகூட எழுந்து நின்று பேசுவார். இரண்டே பேர் என்றால், "இதை வெளியிலேயே பேசி முடிச்சிருக்கலாமே சார்" என்று கேட்டுவிடுவார். அந்த அவமானம் நமக்கு எதற்கு?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, டெக்னோபார்க்கை நம்பிக் கழக்கூட்டத்தில் ஐந்து சென்ட் வாங்கி, வீடு கட்டி, மாடியை ஐ.டி. பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டு, பக்கத்து வீட்டுச் சேட்டனோடு மதில் விஷயத்தில் முகம் முறிந்து, இப்போது கையில் சம்மனோடு நிற்கும் தமிழ் அன்பர்களுக்காக இந்தக் கையேடு.

மூன்றாம் ஆளை இழுப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரியணைத் தகராறில் அரச குடும்பம் ஒரு பக்கம், எட்டுவீட்டில் பிள்ளைமார் மறு பக்கம். அந்த எட்டில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. அரச தரப்பு 1726-இல் திருச்சிராப்பள்ளிவரை போய் நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டுப் படையை அழைத்துவந்தது. வட்டாரத்தின் முதல் இம்ப்ளீட் மனு, அதாவது மூன்றாம் ஆளைச் சேர்க்கக் கேட்கும் மனு, அதுதான் என்று சொல்லலாம். முடிவில் மார்த்தாண்ட வர்மா வென்றார், பிள்ளைமாரின் வீடுகள் தரைமட்டமாயின. வந்த படைக்குக் கூலி கொடுத்த கணக்கு தனி.

கையேடு முழுவதற்கும் ஒரே வழக்கை வைத்துக்கொள்வோம். நீங்கள் பிரதிவாதி. உங்கள் மதில் தன் நிலத்தில் அரை சென்ட், அதாவது சுமார் 218 சதுர அடி, நுழைந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்சிஃப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். மதிலை இடிக்க வேண்டும், இடத்தை ஒப்படைக்க வேண்டும் என்று பிராது. இனி படிப்படியாகப் போவோம்.

முதல் படி: ஆள் பிடித்தல்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்த மதிலோடு வாழ்நாளில் ஒருமுறையாவது தொடர்புபட்ட எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். நிலத்தை உங்களுக்கு விற்றவர். அவருக்கு விற்றவர். ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், உங்களோடு பெயர் சேர்த்துக்கொண்டு துபாயில் இருக்கும் அண்ணன். சங்கிலி பிடித்து அளந்த சர்வேயர். கரம் வாங்கி ரசீது கொடுத்த வில்லேஜ் ஆபீஸ். மதில் கட்டிய மேஸ்திரி. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி. மதிலை ஒட்டிக் கம்பம் நட்ட மின்வாரியம். குழாய் பதித்த ஜல அதாரிட்டி. மாடியில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகள்.

அனுமதி கொடுத்த பஞ்சாயத்தை மறந்துவிடாதீர்கள். ஆனால் கழக்கூட்டம் பஞ்சாயத்தே இப்போது இல்லை. 2010-இல் அது திருவனந்தபுரம் கார்ப்பரேஷனோடு சேர்ந்துவிட்டது. இல்லாத பஞ்சாயத்துக்குப் பதிலாக இருக்கிற கார்ப்பரேஷனை இழுக்கலாம் என்று தெரியும்போது வரும் மகிழ்ச்சி தனி ரகம். தேசிய நெடுஞ்சாலை 66-இல் 2022-இல் திறந்த மேம்பாலம் உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிறது என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தெரிகிறதா இல்லையா என்பதற்குமேல் யோசித்தால் பட்டியல் சுருங்கிவிடும்.

பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டியதும் அதை வக்கீலிடம் கொடுங்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது சிந்தனைக்கான அறிகுறி இல்லை.

இரண்டாம் படி: அவசியமா, உசிதமா, ஆசையா?

வக்கீல் இப்போது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திறந்து முதல் ஆணையின் 10-ஆம் விதியைக் காட்டுவார். சேர்க்கப்படக்கூடிய ஆட்களைச் சட்டம் இரண்டு வகையாகப் பார்க்கிறது. ஆள் இல்லாமல் தீர்ப்பே சொல்ல முடியாது என்றால் அவர் அவசியமான தரப்பு. அவர் இல்லாமலும் தீர்ப்புச் சொல்லலாம், இருந்தால் வழக்கின் எல்லாக் கேள்விகளும் முழுதாகத் தீரும் என்றால் உசிதமான தரப்பு. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர் வந்தால் நமக்கு மனம் ஆறும் என்பவர். சட்டப் புத்தகத்தில் இந்த மூன்றாம் வகை இல்லை, ஆனால் உங்கள் பட்டியலில் பாதிப் பேர் இந்த வகைதான்.

அவசியமான தரப்பைக் கண்டுபிடிக்க உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இரண்டு சோதனைகளை எடுத்துச் சொன்னது. கஸ்தூரி எதிர் ஐயம்பெருமாள், 2005. நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் போட்டவர்கள் விற்கவில்லை, வாங்க இருந்த கஸ்தூரி ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்டு வழக்குப் போட்டார். அந்த நிலம் எங்களுடையது, அனுபவமும் எங்களுடையது என்று வேறு சிலர் நடுவில் வந்து சேரக் கேட்டார்கள். கீழ்க் கோர்ட் சேர்த்தது, உயர் நீதிமன்றமும் சரி என்றது. உச்ச நீதிமன்றம் வெளியே அனுப்பியது. வழக்கின் சர்ச்சையில் அந்த ஆளுக்கு எதிராக ஏதாவது பரிகாரம் கேட்க உரிமை இருக்கிறதா? அவர் இல்லாமல் பலனுள்ள தீர்ப்பாணை பிறப்பிக்க முடியாதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அவர் அவசியம். ஒப்பந்த வழக்கை உரிமை வழக்காக மாற்றுவதற்காக யாரும் உள்ளே வர முடியாது.

இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் பட்டியல்மீது ஓட்டிப் பாருங்கள். மேஸ்திரி போய்விடுவார். மின்வாரியம் போய்விடும். வங்கி, மதில் இடிபட்டால் வருத்தப்படுமே தவிர, அது இல்லாமலும் தீர்ப்பு ஓடும். மேம்பாலம் அசையாமல் அங்கேயே நிற்கும். துபாய் அண்ணன் மட்டும் போக மாட்டார். ஆதாரத்தில் அவர் பெயரும் இருக்கிறது. கூட்டு உரிமையாளரை விட்டுவிட்டு அவருக்கும் சொந்தமான மதிலை இடிக்க உத்தரவிட்டால் அந்த உத்தரவு அவரைக் கட்டாது.

அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சந்தேகப்படுபவர்கள் கனகரத்தினம்மாள் எதிர் லோகநாத முதலியார் வழக்கைப் படிக்க வேண்டும். 1960-களில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சொத்து தன் அம்மாவுடையது என்று அந்த அம்மாள் வாதிட்டார், நீதிமன்றமும் அம்மாவுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது. அங்கேதான் வினை வந்தது. அம்மாவின் சொத்து என்றால் இரண்டு சகோதரர்களும் வாரிசுகள். அவர்களை வழக்கில் சேர்க்கவில்லை. ஆட்சேபம் முதலிலேயே எழுந்தும் சேர்க்கவில்லை. வாதத்தில் ஜெயித்தவர் வழக்கில் தோற்றார். தரப்பினர் குறைபாட்டால் வழக்கு வீழாது என்று முதல் ஆணையின் 9-ஆம் விதி ஆறுதல் சொல்லும். 1976 திருத்தம் அதன் வாலில் ஒரு விலக்கு வைத்தது: அவசியமான தரப்பை விட்டால் அந்த ஆறுதல் கிடையாது.

மூன்றாம் படி: எந்த வாசல்?

மூன்றாம் ஆளை உள்ளே கொண்டுவர மூன்று வாசல்கள் உண்டு. தவறான வாசலைத் தட்டுவதே மரபு என்றாலும் மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் வாசல், மேலே சொன்ன 10-ஆம் விதி. இங்கே ஒரு சிக்கல் உண்டு. வழக்குக்கு எசமான் வாதிதான். யார்மீது வழக்குப் போடுவது என்பது அவர் விருப்பம். அவர் வேண்டாம் என்று விட்ட ஆளைப் பிரதிவாதியான நீங்கள் கையைப் பிடித்து இழுத்துவந்தால், அவர் உண்மையிலேயே தேவைப்படுகிறார் என்று நீங்கள்தான் நீதிமன்றத்தை நம்ப வைக்க வேண்டும். மும்பை விமான நிலைய நிலம் பற்றிய ரீஜென்சி கன்வென்ஷன் சென்டர் வழக்கில், 2010-இல், உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. ஒரு வசதியும் உண்டு. யாரையும் வாதியாகச் சேர்க்க அவர் சம்மதம் வேண்டும், பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டாம். சம்மதம் கேட்காமலே கிடைக்கும் பதவி நாட்டில் இது ஒன்றுதான்.

இரண்டாம் வாசல், விற்றவருக்கு. நிலத்தை விற்கும்போது "இதில் வில்லங்கம் ஏதுமில்லை, வந்தால் நான் பொறுப்பு" என்று அவர் ஆதாரத்தில் எழுதியிருப்பார். எழுதாவிட்டாலும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விற்பவர் உரிமைக்கு உறுதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட ஆளுக்காகவே சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் தங்கள் திருத்தங்களில் 8-ஏ என்ற ஆணையைச் சேர்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1873-இல் வந்த நீதித்துறைச் சட்டம் திறந்த வழி இது. நான் தோற்றால் எனக்கு ஈடு கட்ட வேண்டியவர் இவர் என்று சொல்லி, நீதிமன்ற அனுமதியோடு அவருக்கு மூன்றாம் தரப்பு நோட்டீஸ் அனுப்பலாம். அவர் வராமல் இருந்துவிட்டால், உங்களுக்கு எதிரான தீர்ப்பையும் தன் பொறுப்பையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும். இவ்வளவு கச்சிதமான வாசல் என்பதாலோ என்னவோ, வக்கீல்கள் அதைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் வாசல் சாட்சிக் கூண்டுக்குப் போகிறது. சர்வேயரும் வில்லேஜ் ஆபீசரும் உங்களுக்குத் தேவைப்படுவது அளந்ததைச் சொல்வதற்குத்தான். அதற்கு 16-ஆம் ஆணைப்படி சாட்சி சம்மன் வாங்கி, பேட்டா கட்டினால் போதும். வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கையிலிருக்கும் சாட்சியம் பொருத்தமானது என்பதற்காக மட்டும் ஒருவர் அவசியமான தரப்பு ஆகிவிட மாட்டார் என்று 1992-இலேயே, பம்பாய் பெட்ரோல் பங்க் ஒன்றில் இருந்த கட்டுமானம் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வெளியே அனுப்பப்பட்டது ஓர் எண்ணெய்க் கம்பெனி. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இடமில்லை என்றால் உங்கள் மேஸ்திரிக்கு எங்கே?

மதில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி என்றால் இன்னொரு வழியும் உண்டு. 26-ஆம் ஆணையின் 9-ஆம் விதிப்படி கமிஷன் வைக்கக் கேட்கலாம். வக்கீல் கமிஷனர் ஒருவர் சர்வேயரோடு வந்து அளந்து, பிளான் வரைந்து கொடுத்துவிடுவார். இதனால் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது. எனவே எச்சரிக்கையாக இருங்கள்.

நான்காம் படி: நல்ல நேரம் பார்த்தல்

வழக்கின் எந்தக் கட்டத்திலும் ஒருவரைச் சேர்க்கலாம் என்கிறது விதி. "எந்தக் கட்டத்திலும்" என்பதைப் பொன்னெழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். பிராது வந்தவுடன் சேர்க்கக் கேட்பது அவசரக்காரர்களின் வேலை. வாதி கூண்டேறி, குறுக்கு விசாரணை முடிந்து, உங்கள் சாட்சியமும் முடிந்து, வாதம் கேட்கத் தேதி போட்ட பிறகு திடீரென்று அண்ணன் ஞாபகம் வர வேண்டும்.

உங்களைக் கெடுப்பதற்கென்றே சில விதிகள் இருக்கின்றன. தரப்பினர் குறை என்ற ஆட்சேபத்தை முடிந்த அளவு சீக்கிரம், எழுவினாக்கள் வகுப்பதற்கு முன்பே, எழுப்ப வேண்டும் என்கிறது முதல் ஆணையின் 13-ஆம் விதி. இல்லையென்றால் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். காலவரையறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இன்னும் மோசம். புதிதாகச் சேர்க்கப்பட்டவரைப் பொறுத்தவரை, அவரைச் சேர்த்த நாளில்தான் வழக்குப் பிறந்ததாகக் கணக்கு. நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று நீதிமன்றம் நம்பினால்தான் முந்தைய தேதி கிடைக்கும். பல வருடம் ஆறப்போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டால், அவர்மீதான கோரிக்கை காலாவதி என்று அவருடைய வக்கீல் வரவேற்புரை வாசிப்பார்.

ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்குமேல் கிடையாது என்ற விதியும் 17-ஆம் ஆணையில் இருக்கிறது. அந்த விதியைக் கொண்டுவந்த திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005 தீர்ப்பு விதியை நிலைநிறுத்திவிட்டு, தவிர்க்க முடியாத சூழல் வந்தால் விலக்கு உண்டு என்றது. அன்றிலிருந்து நாட்டில் தவிர்க்கக்கூடிய சூழல் எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: பிரமாணப் பத்திரம்

இம்ப்ளீட் மனுவோடு பிரமாணப் பத்திரம் வேண்டும். ஏன் இவ்வளவு நாள் தாமதம் என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். "தாமதம் வேண்டுமென்றே செய்ததல்ல" என்ற வாக்கியத்தைப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் காரணத்துக்கு இடம் விடுங்கள். ஆதாரத்தின் நகல் இப்போதுதான் கிடைத்தது என்று எழுதலாம். ஆதாரத்தில் வாங்கியவர் என்று கையெழுத்துப் போட்டிருப்பது நீங்களே என்பதை வாதியின் வக்கீல் கவனிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொய்யும் தொந்தரவுமான வாதம் என்று தெரிந்தால் நீதிமன்றம் ஈட்டுச் செலவு விதிக்கலாம் என்கிறது 35-ஏ பிரிவு. பயப்பட வேண்டாம். சாதாரண சிவில் வழக்கில் அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். கழக்கூட்டத்தில் ஒரு குடும்பம் ஹோட்டலில் போய்ச் சாப்பிட்டால் ஆகிற செலவு. ஆனால் இழுத்தடித்தால் அந்த நாளின் செலவை எதிர்த் தரப்புக்குக் கொடுக்கச் சொல்லும் 35-பி என்ற பிரிவும் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கட்டினால்தான் உங்கள் வழக்கு மேலே நகரும். அதை வக்கீல் உங்களுக்குக் கடைசியாகத்தான் சொல்வார்.

ஆறாம் படி: சம்மன் சார்வு

மனு அனுமதியானால் பிராதைத் திருத்த வேண்டும். புது ஆளுக்குத் திருத்திய பிராதும் சம்மனும் போக வேண்டும். உள்ளூர் ஆள் என்றால் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவார்கள். ஆள் ஒளிந்துகொள்கிறார் என்று நீதிமன்றம் நம்பினால் பத்திரிகையில் விளம்பரம். துபாய் அண்ணனுக்குத் தபால், கூரியர் என்று போக வேண்டும். சம்மன் கிடைத்த பிறகு எதிருரை போட 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள்வரை.

அண்ணன் ஓணம் லீவுக்கு ஊருக்கு வருவார், அப்போது கையில் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சட்டப்படி வசதிதான். ஆனால் ஓணச் சத்யாவில் பாயசம் பரிமாறுகிற நேரத்தில் கோர்ட் ஆள் வாசலில் வந்து நின்றால், அதற்குப் பிறகு அண்ணியிடம் எந்த நீதிமன்றமும் உங்களுக்கு நிவாரணம் வாங்கித் தராது.

ஏழாம் படி: அரசையும் ஆண்டவனையும் சேர்த்தல்

மனிதர்கள் போதவில்லை என்றால் மேலே பாருங்கள். அரசாங்கம் இருக்கிறது. அரசின்மீது வழக்குப் போட 80-ஆம் பிரிவின்படி முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். நடுவில் சேர்த்தாலும் இந்த நோட்டீஸ் கேள்வி வரும். அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமல் போகலாம். ஆனால் பல வருடமாக நிற்கும் மதிலுக்கு அவசரம் என்ன என்று கேட்பார்கள்.

அரசுக்கும் மேலே போக விரும்புபவர்களுக்குத் திருவனந்தபுரத்தைவிடத் தோதான ஊர் கிடையாது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாகக் கொடுத்துவிட்டு, பத்மநாபதாசனாக ஆளத் தொடங்கினார். அப்படிப் பார்த்தால் உங்கள் முன் ஆதாரத்தின் முன் ஆதாரத்தின் முன் ஆதாரத்தில் யார் பெயர் வரும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் தெய்வம் வழக்காடலாம். ஆனால் என்றென்றும் மைனர். காப்பாளர் மூலம்தான் வர முடியும்.

இதைக் கேலி என்று நினைப்பவர்கள் பத்தூர் நடராஜரைக் கேட்கலாம். தஞ்சாவூர் வட்டாரத்துப் பத்தூர் கோயிலின் அந்த வெண்கலச் சிலை கடல் கடந்து லண்டனில் போலீஸ் கையில் சிக்கியது. அதைத் திருப்பிக் கொடு என்று, சிலையை வாங்கியிருந்த கனடா நாட்டு பம்ப்பர் கம்பெனி லண்டன் போலீஸ்மீது வழக்குப் போட்டது. இரண்டு பேர் வழக்கு. அதில் இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயில், அங்கிருந்த சிவலிங்கம் என்று ஒருவர் பின் ஒருவராக உரிமை கோரினார்கள். 1988-இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இடிந்து கிடந்த கோயிலுக்கும் வழக்காடும் தகுதி உண்டு என்று ஏற்றது. நடராஜர் ஊர் திரும்பினார். மூன்றாம் தரப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். சர்ச்சைக்குரிய பொருளே அவர்களுடையது, அவர்கள் இல்லாமல் தீர்த்திருந்தால் அது தீர்ப்பே ஆகியிருக்காது. உங்கள் மதிலில் பத்மநாபசுவாமிக்கு அப்படி என்ன பாத்தியதை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஆயுள் கணக்கு

ஒவ்வொரு தரப்பினரும் ஒரு மனிதர், மனிதர்களுக்கு மரணம் உண்டு. 22-ஆம் ஆணை இதற்கென்றே இருக்கிறது. பிரதிவாதி இறந்தால் 90 நாளுக்குள் அவர் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை உயிர்ப்பிக்க இன்னும் 60 நாள். அதுவும் போனால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு. பத்துப் பிரதிவாதிகள், அதில் ஆறு பேர் எழுபது வயது தாண்டியவர்கள் என்றால், நீங்கள் வழக்கு நடத்தவில்லை, வாரிசுகளின் ஜாபிதா தயாரிக்கிறீர்கள்.

பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளைப் பற்றி 2007-இல் திருவனந்தபுரம் சிவில் கோர்ட்டில் பக்தர்கள் தொடுத்த வழக்குகளிலிருந்து கிளம்பிய விவகாரம் உயர் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் அங்கே தீர்ப்பாகி, உச்ச நீதிமன்றம் ஏறியது. தலைமைத் தரப்பினரான, திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013 டிசம்பரில் காலமானார். 2020 ஜூலை 13-ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது, வழக்கின் தலைப்பில் அவர் பெயர் "காலமானார், சட்ட வாரிசுகள் மூலம்" என்ற குறிப்போடு இருந்தது. அந்த வழக்கில் ஒரு பழம்பெரும் கோயிலின் நிர்வாகமே கேள்வியாக இருந்தது. உங்கள் வழக்கில் இருப்பது 218 சதுர அடி.

ஒன்பதாம் படி: வந்தவர் திரும்பிப் பார்த்தால்

இதுவரை நீங்கள் மூன்றாம் ஆளை ஒரு பொம்மையாகவே நினைத்திருப்பீர்கள். அவருக்கும் வக்காலத்துப் போட ஒரு வக்கீல் உண்டு. அவரும் எதிருரை போடுவார். வாதிக்கு எதிராக எதிர்க் கோரிக்கையும் வைக்கலாம். உங்களுக்கு விற்றவரை இழுத்துவந்து நிறுத்தினால், அவர் கூண்டேறி, "நான் விற்றது நாலே முக்கால் சென்ட்தான், மீதி இவரே சேர்த்துக்கொண்டது" என்று வாக்குமூலம் கொடுப்பார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட பிறகு, குடைகிறதே என்று நீதிபதியிடம் முறையிட முடியாது.

தாமாகவே வழக்குக்குள் நுழைபவர்களும் உண்டு. ரஸியா பேகம் வழக்கு அதற்கு நிரந்தர சாட்சி. ஹைதராபாத் நிஜாமின் மகனான ஓர் இளவரசருக்குத் தான் சட்டப்படி மனைவி, மாதம் 2,000 ரூபாய் தனக்குச் சேர வேண்டும் என்று அந்த அம்மாள் வழக்குப் போட்டார். இளவரசர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வாதியும் பிரதிவாதியும் ஒரே கட்சி, அன்றே முடிந்திருக்க வேண்டிய வழக்கு. இளவரசரின் இன்னொரு மனைவியும் மகனும் எங்களையும் சேர்க்க வேண்டும் என்று வந்தார்கள். மனைவி என்ற அந்தஸ்தைப் பற்றிய தீர்ப்பு குடும்பம் முழுவதையும் தொடும் என்பதால் அவர்களைச் சேர்த்தது சரியே என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

வாசகர் சந்தேகங்கள்

என் மாடியில் குடியிருப்பவரிடம் நானும் அண்ணனும் தனித்தனியாக வாடகை கேட்கிறோம். அவர் எங்கள் இருவரையும் கோர்ட்டில் நிறுத்தி, யாருக்கென்று தீர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாமா?
கேட்பதற்கு 88-ஆம் பிரிவில் ஒரு வகை வழக்கு இருக்கிறது. ஆனால் குடியிருப்பவர் தன் வீட்டுக்காரரை அப்படி நிறுத்துவதற்கு 35-ஆம் ஆணை கடிவாளம் போடுகிறது. வீட்டுக்காரர் வழியாகவே உரிமை கோருபவர் எதிரில் நின்றால் மட்டும் விலக்கு. பாவம், அவர் வேலையை விட்டுவிட்டு வழக்கு நடத்தவா கழக்கூட்டத்துக்கு வந்தார்?

தெரியாமல் ஒருவரைச் சேர்த்துவிட்டேன். எடுக்கலாமா?
எடுக்கலாம். சேர்க்கச் சொல்லும் அதே 10-ஆம் விதி, தேவையில்லாதவரை நீக்கவும் சொல்கிறது. அவருக்கு ஆன செலவைக் கொடுக்கச் சொல்வார்கள். அவர் உங்களோடு மறுபடி பேசுவாரா என்பது விதியில் இல்லை.

என்னையே ஒருவர் சம்பந்தமில்லாத வழக்கில் இழுத்துவிட்டார். வீட்டிலேயே இருந்துவிடலாமா?
கூடாது. வராதவரை ஒருதலைப்பட்சமாக வைத்துவிடுவார்கள். முதல் தேதியிலேயே போய், என்மீது எந்தப் பரிகாரமும் கேட்கவில்லை, என்னை நீக்குங்கள் என்று மனுப் போடுங்கள். இந்தக் கையேட்டில் கேலியில்லாமல் சொல்லப்பட்ட முதல் ஆலோசனை இதுதான்.

இரண்டாவதும் கடைசியுமான ஆலோசனை: இம்ப்ளீட் மனுவுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளில் இந்த வாக்கியத்தை எழுதி முடியுங்கள். "இவர் இல்லாமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால்..." அந்த "ஏனென்றால்"-க்குப் பிறகு ஆதாரத்திலோ வாரிசுச் சான்றிதழிலோ இருக்கும் ஒரு வரி வந்தால், நாளைக்குக் காத்திராமல் இன்றே மனுப் போடுங்கள். விற்றவரின் உறுதிமொழி வந்தால் 8-ஏ நோட்டீஸ் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் மட்டும் வந்தால் பேட்டா கட்டி சாட்சியாகக் கூப்பிடுங்கள். அவர்மேல் உங்களுக்கிருக்கும் கோபம் வந்தால், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கமிஷனுக்கு மனுக் கொடுங்கள். மதில் எங்கே நிற்கிறது என்பதை அளந்தால் தெரிந்துவிடும்.